கீசரை எத்தனை டிகிரியில் வைப்பது?

60 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் தண்ணீர் ஒரு பெரியவரின் தோலை ஆழமாக வேகவைக்க ஐந்து விநாடி போதும். குழந்தைக்கு அந்த ஐந்து விநாடியும் தேவையில்லை. நம் ஊர்க் கடைகளில் விற்கும் ஸ்டோரேஜ் கீசர்கள் பலவற்றில் குமிழை உச்சத்துக்குத் திருப்பி வைத்தால் தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டும். அப்படித் திருப்பி வைத்தவர் யார் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வராது. மாட்ட வந்தவர் வைத்துவிட்டுப் போயிருப்பார், அன்றிலிருந்து யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

அடுப்பு என்றால் நமக்கு ஜாக்கிரதை தானாக வந்துவிடுகிறது. தவழும் குழந்தையைச் சமையலறை வாசலிலேயே நிறுத்துகிறோம். கொதிக்கும் பாத்திரத்தின் கைப்பிடியை உள்பக்கமாகத் திருப்பி வைக்கிறோம். குழாய் விஷயத்தில் இந்த எச்சரிக்கை வருவதில்லை. நெருப்பு கண்ணில் படுவதில்லை, சத்தம் இல்லை, சென்னை மாதிரி ஊரில் ஆவிகூடப் பெரிதாகக் கிளம்பாது. குழாயிலிருந்து விழும்போது 60 டிகிரித் தண்ணீரும் 40 டிகிரித் தண்ணீரும் பார்வைக்கு ஒன்றுதான்.

இதற்கு நாம் வழக்கமாகச் சொல்வது, ‘பார்த்துக் குளிப்பாட்டு’, ‘கவனமா இரு’. இந்த அறிவுரையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. காலை ஏழரை மணிக்கு, அடுப்பில் ஒன்று, வாசலில் பால்காரர், இன்னும் பத்து நிமிடத்தில் பள்ளி வேன் என்ற நிலையில் ஒருவர் எவ்வளவுதான் கவனமாக இருந்துவிட முடியும்? தண்ணீரின் சூட்டையே 50 டிகிரிக்குக் குறைத்து வைத்துவிட்டால், கவனம் தவறுகிற நேரத்திலும் தோல் தப்பித்துவிடும். ஒருமுறை செய்கிற வேலை. இது என் சொந்த யோசனை இல்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலமே செய்து, அளந்தும் பார்த்த விஷயம். அதற்கு முன்னால் தோல் எப்படி வேகிறது என்று பார்த்துவிடலாம்.

டிகிரியும் விநாடியும்

தண்ணீர் கொதித்தால்தான் சுடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கொதிப்பதற்கு வெகு முன்பே தோல் வெந்துவிடும். இதை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர்கள் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆலன் மோரிட்ஸும் எஃப். சி. ஹென்ரிக்ஸும். 1947-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் பன்றிகளின் தோலையும் (மனிதத் தோலோடு அது நன்றாக ஒத்துப்போகும்), முன்வந்த மனிதர்கள் சிலரின் தோலையும் வெவ்வேறு சூட்டில், வெவ்வேறு நேரம் வைத்துப் பார்த்தார்கள். இன்று உலகம் முழுக்க வெந்நீருக்கு விதிக்கப்படும் வரம்புகளுக்கெல்லாம் அடிப்படை அந்த அளவுகள்தான்.

அவர்கள் கண்டது இது. 44 டிகிரியில் தோல் கெட ஆறு மணி நேரம் போல ஆகும். அங்கிருந்து ஏறக்குறைய 51 டிகிரி வரை, ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் அந்த நேரம் கிட்டத்தட்டப் பாதியாகிறது. 49 டிகிரியில் ஐந்து முதல் பத்து நிமிடம். 54-இல் அரை நிமிடம். 60-இல் ஐந்து விநாடி. 70-இல் ஒரு விநாடி, சில நேரம் அதுவும் இல்லை.

49-க்கும் 60-க்கும் பதினோரு டிகிரிதான் வித்தியாசம். கையை விட்டுப் பார்த்தால் இரண்டும் ‘அப்பா, சூடு’ என்றுதான் தோன்றும். ஆனால் முன்னதில் சுதாரிக்க நிமிடக்கணக்கில் நேரம் இருக்கிறது. வழுக்கி விழுந்த பாட்டி கூப்பிடலாம், யாராவது ஓடி வரலாம், குழாயை மூடலாம். பின்னதில் குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டு நீங்கள் கூடத்திலிருந்து எழுந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இந்தக் கணக்கு நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு. குழந்தையின் தோல் மெல்லியது, அதனால் சூடு சீக்கிரம் உள்ளே இறங்கும். சூடு பட்டதும் விலக வேண்டும் என்ற அறிவும் சின்னக் குழந்தைக்கு உடனே வராது. பயந்துபோய் அதே குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வயதானவர்களுக்கும் தோல் மெலிந்துவிடுகிறது. அதோடு விலகுவதற்கு ஆகும் நேரமும் கூடுகிறது.

வீட்டில் வெந்நீர் பதம் பார்ப்பவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் முப்பது நாற்பது வருடமாக அடுப்படியில் நின்ற கை அது. தோசைக்கல்லிலிருந்து தோசையை விரலால் எடுக்கிற கைக்கு 46 டிகிரி என்பது ‘இதமான சூடு’. அந்தக் கை சொல்லும் பதத்தை மூன்று மாதக் குழந்தையின் முதுகு ஏற்க வேண்டியிருக்கிறது. முழங்கையை விட்டுப் பார் என்று பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. அங்கே தோல் மெல்லியது, உண்மையான சூட்டைச் சொல்லும். கைக்குழந்தைக்கு 37, 38 டிகிரி போதும். முழங்கைக்கு அது சூடாகவும் தெரியாது, சில்லென்றும் இருக்காது.

சியாட்டிலில் நடந்தது

1970-களின் இறுதியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரக் குழந்தை மருத்துவர்கள் சிலர் குழாய்த் தண்ணீரில் வெந்து வரும் குழந்தைகளைப் பற்றிக் கணக்கெடுத்தார்கள். கென்னத் ஃபெல்ட்மன் என்ற மருத்துவரும் அவரது குழுவும் வீடு வீடாகக் குழாய்த் தண்ணீரை அளந்தபோது ஐந்தில் நான்கு வீடுகளில் அது 54 டிகிரிக்கு மேல் இருந்தது. சராசரி 61 டிகிரி.

அங்கேயும் முதலில் அறிவுரைதான் சொல்லிப் பார்த்தார்கள். அப்புறம் 1983-இல் சட்டம் வந்தது. புதிதாக விற்கும் வாட்டர் ஹீட்டர்களை 49 டிகிரியில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். வாடகை வீட்டில் புதிதாக ஒருவர் குடிவரும்போது வீட்டுக்காரர் அதே அளவில் வைத்துக் கொடுக்க வேண்டும். வேண்டுமென்றால் குடியிருப்பவர் பிறகு கூட்டிக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. கேட்டால் பல்லில்லாத சட்டம் மாதிரிதான் தோன்றும்.

ஐந்து வருடம் கழித்து மறுபடி அளந்தார்கள். சராசரி 50 டிகிரிக்கு இறங்கியிருந்தது. நான்கில் மூன்று வீடுகளுக்கு மேல் 54 டிகிரிக்குக் கீழே. குழாய்த் தண்ணீரில் வெந்து ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது, காயங்களின் கடுமையும் குறைந்தது. காரணம் ரொம்ப எளிது. கூட்டிக்கொள்ள உரிமை இருந்தும் பெரும்பாலோர் குமிழைத் தொடவே இல்லை. மனிதர்கள் கீசர் குமிழைத் தொடுவதில்லை என்பதுதான் ஆபத்துக்குக் காரணமாக இருந்தது. அதே சோம்பலைச் சட்டம் பாதுகாப்பாக மாற்றிவிட்டது.

மற்ற நாடுகளும் இந்த வழிக்கு வந்தன. ஆஸ்திரேலியாவில் புது வீட்டுக் குளியலறைக் குழாயில் 50 டிகிரிக்கு மேல் வரக்கூடாது. முதியோர் இல்லங்களிலும் சிறு குழந்தைகள் இருக்கும் இடங்களிலும் 45. இங்கிலாந்தில் 2010 முதல் புதிய வீடுகளின் குளியல்தொட்டிக் குழாய்க்கு 48 டிகிரி வரம்பு இருக்கிறது. நம் வீட்டில் இந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். பெரிய வேலையும் இல்லை.

குமிழ் ஏன் உச்சத்தில் இருக்கிறது

ஒருவரும் வேண்டுமென்று ஆபத்தை வரவழைப்பதில்லை. குமிழை உச்சத்தில் வைப்பதற்குப் பின்னால் ஒரு வாளிக் கணக்கு இருக்கிறது.

சென்னையில் மாடித் தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 40 டிகிரி வேண்டும். 15 லிட்டர் கீசரில் 60 டிகிரித் தண்ணீர் இருந்தால் அதில் 25 லிட்டர் பச்சைத் தண்ணீர் விளாவலாம். மொத்தம் 40 லிட்டர், அதாவது தாராளமாக இரண்டு வாளி. அதே கீசரை 50-இல் வைத்தால் விளாவ முடிவது 12 லிட்டர் சொச்சம்தான். மொத்தம் 27 லிட்டர், ஒன்றரை வாளி. இரண்டு பேர் அடுத்தடுத்துக் குளிக்கும் வீட்டில் இரண்டாவது ஆள் ‘தண்ணி சூடாவே வரல’ என்பார். உடனே குமிழ் ஏறும். ஊட்டியில் மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரிக்கு இறங்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 50 டிகிரியில் வைத்த 15 லிட்டர் கீசர் ஒரே ஒரு வாளிதான் தரும். (கீசரிலிருந்து வெந்நீர் வெளியேற வெளியேறப் பச்சைத் தண்ணீர் உள்ளே வந்து கலப்பதால் நிஜத்தில் இதையும்விடக் கொஞ்சம் குறையும்.)

ஆக, சின்ன கீசரை வாங்கிவிட்டுச் சூட்டைக் கூட்டிச் சமாளிக்கிறோம். 25 லிட்டர் கீசரை 50-இல் வைத்தால் சென்னைக் கணக்கில் 45 லிட்டர் கிடைக்கும். 15 லிட்டரை 60-இல் வைப்பதைவிட அதிகம். குழந்தையோ வயதானவரோ இருக்கும் வீட்டில் புது கீசர் வாங்கும்போது யோசிக்க வேண்டியது இதைத்தான். ஏற்கெனவே 15 லிட்டர் இருக்கிறது என்றால், ஒருவர் குளித்ததும் கால் மணி நேரம் காத்திருந்தால் முடிந்தது. 2 கிலோவாட் கீசர் 15 லிட்டரை 28-இலிருந்து 50-க்குக் கொண்டுவரப் பன்னிரண்டு நிமிடத்துக்குள்தான் ஆகும்.

சூட்டைக் குறைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, வீட்டில் செலவைப் பார்ப்பவரிடம் இதைச் சொன்னால் எடுபடும். போர் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்றால் 60 டிகிரிக்கு மேல் போகப்போக கீசரின் உள்ளே உப்பு வேகமாகப் படியும். காயில் சீக்கிரம் போகும். சும்மா சூடாக நிற்கும் நேரத்தில் வீணாகும் கரண்ட்டும் குறையும்.

சரி, எப்படி அளப்பது? சில கீசர்களில் குமிழ் வெளியே, அடிப்பக்கத்தில் இருக்கும். அதில் டிகிரி எழுதியிருக்காது, கோடோ எண்ணோதான் இருக்கும். சிலவற்றில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மூடிக்குள்ளே இருக்கும். அதை எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும், அதுவும் கரண்ட் பெட்டியில் இருக்கும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு. குமிழ் எங்கே நின்றாலும் நம்ப வேண்டியது குழாயில் வரும் தண்ணீரை. கீசர் விளக்கு அணைந்ததும் வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து, ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஒரு எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, சமையலுக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. அது 42, 43 டிகிரியோடு நின்றுவிடும், பாதரச வகை உடைந்தும் போகலாம். 50-க்கு மேல் காட்டினால் குமிழைக் கொஞ்சம் இறக்கி மறுநாள் காலை மறுபடி பாருங்கள். இரண்டு மூன்று நாளில் சரியான இடம் கிடைத்துவிடும். அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், விருந்தாளி யாராவது திருப்பினால் தெரியும்.

60 தேவைப்படும் இடம்

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. 1976-இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் கூடிய மாநாட்டுக்குப் பின் பலர் நிமோனியா கண்டு இறந்தார்கள். அடுத்த வருடம் அதற்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள், பின்னர் அதற்கு லெஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீர் அதற்கு ரொம்பப் பிடிக்கும். 25 முதல் 45 டிகிரி வரை நன்றாக வளரும், 60-இல் சீக்கிரம் செத்துவிடும். அதனால்தான் பெரிய தொட்டிகளில் வெந்நீரை 60 டிகிரியில் சேமிக்கச் சொல்கிறார்கள்.

தோலுக்கு 50, கிருமிக்கு 60. இரண்டையும் சேர்த்துச் சாதிக்க உள்ள வழி, தொட்டியில் 60 வைத்துவிட்டுக் குழாய்க்கு வரும் முன் பச்சைத் தண்ணீரைக் கலப்பது. இதைத் தானாகச் செய்யும் கருவிக்குத் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு என்று பெயர். அதற்குள் சூட்டில் விரியும் மெழுகு அடைத்த சின்னக் குப்பி இருக்கிறது. சூடு கூடினால் மெழுகு விரிந்து வெந்நீர் வாசலைக் குறுக்கும், குறைந்தால் திறக்கும். பச்சைத் தண்ணீர் திடீரென்று நின்றுபோனால் வெந்நீரையும் அடைத்துவிடும். ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், முதியோர் இல்லம், நூறு இருநூறு லிட்டர் தொட்டி உள்ள வீடு, வீட்டில் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் என்றால் இந்த வழிதான் சரி. தினமும் காலி செய்து மறுபடி நிரப்பும் 15 லிட்டர் கீசரைப் பொறுத்தவரை கிருமியைவிட வெந்துபோகும் ஆபத்துதான் பெரிது என்பது என் தீர்மானம். ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்து வந்தால் குமிழை ஒருமுறை கூட்டிச் சூடாக்கி, அந்தத் தண்ணீரை ஆள் இல்லாமல் ஓடவிட்டு, மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

வால்வு வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். நம் வீடுகளில் தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்து தன் எடையால் இறங்குகிறது. தொட்டி குழாயிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.3 பார்தான் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). பல வால்வுகளுக்கு அதற்கு மேல் வேண்டும். குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யுமா என்று அட்டைப்பெட்டியில் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஷவர் சொட்டுகிறது என்று பிளம்பர் அதைக் கழற்றிப் போட்டுவிடுவார்.

திடீர்ச் சூடு

குமிழை இறக்கிவிட்டாலும் தீராத சில சிக்கல்கள் உண்டு.

முதலில் சோலார். கோயம்புத்தூர்ப் பக்கம் மொட்டை மாடி மொட்டை மாடியாக இருக்கும் கண்ணாடிக்குழாய் வகைக்குச் சூரியனை நிறுத்துகிற குமிழ் கிடையாது. தெர்மோஸ்டாட் இருந்தால் அது மழைக்காலத்துக்கான கரண்ட் ஹீட்டருக்கு மட்டும். சித்திரை வெயிலில் இரண்டு நாள் யாரும் குளிக்காமல் விட்டால் தொட்டித் தண்ணீர் கொதிநிலையை நெருங்கிவிடும். மாடியிலிருந்து வரும் நீளமான பைப்பில் ஆறிப்போன தண்ணீர் முதலில் வரும். ‘இன்னும் சூடு வரலையே’ என்று கையை நீட்டியபடி நிற்கும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் 70, 80 டிகிரி வந்து விழும். வீட்டிலிருக்கும் வெந்நீர் ஏற்பாடுகளிலேயே மிக்ஸிங் வால்வு கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்வது இதற்குத்தான். சோலார் தொட்டியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் இடத்திலேயே ஒன்று போட்டுவிட்டால் எல்லாக் குழாய்க்கும் சேர்த்துப் பாதுகாப்பு.

இன்ஸ்டன்ட் கீசர், அந்தச் சின்ன 3 லிட்டர் வகை, வேறு மாதிரி ஏமாற்றும். தண்ணீர் ஓட ஓடச் சுடுவதால் ஓட்டம் குறைந்தால் சூடு கூடும். தண்ணீரைச் சேமிக்கலாம் என்று குழாயைப் பாதி மூடினால் கொதிக்கக் கொதிக்க வரும். சுவிட்ச் போட்டு வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் முதலில் விழும் மூன்று லிட்டர்தான் இருப்பதிலேயே சூடானது. அதை வாளியில் விடுங்கள், உடம்பில் விடாதீர்கள். கேஸ் கீசருக்கும் ஓட்டக் கணக்கு இதேதான். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் அதை வைத்தால் கார்பன் மோனாக்சைடால் உயிரே போகும் என்பது தனிக் கதை, அதை வெளியே மாட்டுவதே சரி.

அடுத்தது ஷவர். குளித்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் வேறு யாராவது ஃப்ளஷ் செய்தாலோ வாஷிங் மெஷின் தண்ணீர் இழுத்தாலோ பச்சைத் தண்ணீர்ப் பக்கம் அழுத்தம் குறைந்து, தலையில் விழும் தண்ணீர் சட்டென்று சூடாகும். மாடித் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் மேல்தளக் குளியலறைகளில் இது அதிகம். குளியலறைக்குத் தனி பைப் இறக்கினால் பெருமளவு தீர்ந்துவிடும், வீடு கட்டும்போதே பிளம்பரிடம் சொல்ல வேண்டிய விஷயம். பிறகென்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். கைப்பிடி ஷவரை அதன் நுனியிலேயே அணைத்துவிட்டு, சுவரில் இருக்கும் இரண்டு குமிழ்களையும் திறந்தபடி விட்டுப் போகும் பழக்கமும் ஆபத்து. வெந்நீர் மெல்லப் பச்சைத் தண்ணீர் பைப்புக்குள் புகுந்துகொள்ளும். அடுத்து ஹெல்த் ஃபாசெட்டை எடுப்பவருக்கு நேரும் அனுபவத்தை விவரிக்க வேண்டாம்.

வாளி

மேலைநாட்டு எச்சரிக்கைகள் எல்லாம் குளியல்தொட்டியைச் சுற்றியே வரும். நம்முடைய ஆபத்து தரையில் வைத்த வாளியில் இருக்கிறது. முதலில் வெந்நீரைப் பாதி வாளி பிடித்துவிட்டு, பச்சைத் தண்ணீர் திறக்கும் முன் துண்டோ சீயக்காயோ எடுக்கப் போவோம். அந்த இடைவெளியில் நடக்கப் பழகிய குழந்தை வாளியைப் பிடித்து எழுந்திருக்கும், கையை விடும், அல்லது இழுத்துத் தன்மேலேயே கவிழ்த்துக்கொள்ளும். வரிசையை மாற்றினால் போதும். பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு. எந்த நிமிடத்தில் நீங்கள் நகர்ந்தாலும் வாளியில் இருப்பது உடம்பு தாங்கும் தண்ணீராகவே இருக்கும். மூடும்போது வெந்நீரை முதலில் மூடுங்கள். குழாய் வாயில் நிற்கும் கடைசிச் சொட்டும், தொடும்போது உலோகமும் ஆறியிருக்கும்.

அடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சிக் குளியலறைக்குத் தூக்கிப் போகும் வீடுகளில் ஆபத்து இதைவிடப் பெரிது. அது உண்மையிலேயே கொதித்த தண்ணீர், தரை ஈரம், காலடியில் குழந்தை. கொதிக்கவிடாமல் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் இறக்கினால் பாதி ஆபத்து போய்விடும். இல்லையென்றால் அண்டாவிலேயே பச்சைத் தண்ணீர் விட்டு விளாவியபின் தூக்குங்கள். தீபாவளி விடியற்காலையில் வீடு நிறைய ஆட்கள், எண்ணெய் வழுக்கும் கால்கள், வரிசையாக வெந்நீர் என்று இருக்கும்போது இது இன்னும் முக்கியம். ராடு போட்ட வாளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். ஷாக், கொதிநீர் இரண்டும் ஒரே வாளியில்.

சர்க்கரை நோயாளிகளை இந்தப் பேச்சில் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. பல வருடம் ஆனபின் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். கால் வலிக்கு இதமாக இருக்கும் என்று உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சீரியல் பார்ப்பார்கள். தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அந்தப் புண் ஆறுவதும் எளிதில்லை. அவர்கள் காலை விடும் முன் வேறொருவர் கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். காலில் சூடு தெரிகிறதா என்று அவரிடமே கேட்பதில் பயனில்லை.

வலிப்பு உள்ளவர்களுக்கும் தனிக் கவனம் வேண்டும். தலையில் வெந்நீர் ஊற்றுவதாலேயே வரும் வலிப்பு ஒன்று தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், அதிகம் காணப்படுகிறது. பெங்களூருவில் உள்ள நரம்பியல், மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். சூடான தண்ணீரைத் தலையில் மளமளவென்று ஊற்றுவதுதான் தூண்டுதல். வலிப்பு வந்தவர் ஓடும் வெந்நீர்க் குழாயின் கீழ் விழுந்து கிடந்தால் நிலைமை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் வெதுவெதுப்பாக விளாவிய வாளித் தண்ணீரில், குழாய்களை மூடிவிட்டு, கதவைத் தாழ் போடாமல் குளிப்பது நல்லது.

வெந்துவிட்டால்

முதல் வேலை, ஓடும் பச்சைத் தண்ணீரில் இருபது நிமிடம். இரண்டு நிமிடம் இல்லை, இருபது. மேல்தோல் ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் உள்ளே இறங்கிய சூடு வேகவைத்துக்கொண்டே இருக்கும், அதை வெளியே இழுக்க அவ்வளவு நேரம் வேண்டும். சுட்டு மூன்று மணி நேரம் வரைக்கும்கூட இது பலன் தரும் என்பதால் ‘லேட் ஆயிடுச்சே’ என்று விடவேண்டாம். தண்ணீர் காட்டும்போதே நனைந்த துணி, டயபர், கொலுசு, வளையல், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். டயபர் வெந்நீரைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும், வீங்கிய பிறகு நகை கழலாது. தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் இழுக்காதீர்கள்.

மே மாத மத்தியானத்தில் நம் ஊரில் ஒரு சங்கடம் இருக்கிறது. கறுப்புத் தொட்டியிலிருந்து வரும் ‘பச்சைத் தண்ணீரே’ சுடும். அந்த நேரத்தில் சம்ப் தண்ணீரோ குடிக்க வைத்திருக்கும் கேன் தண்ணீரோ மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ் வேண்டாம், அது இரத்த ஓட்டத்தைச் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கும். கைக்குழந்தை என்றால் காயத்துக்கு மட்டும் தண்ணீர் காட்டி, மீதி உடம்பைத் துணியால் சுற்றிவையுங்கள், முழு உடம்பும் சில்லிட்டுப் போகக்கூடாது.

இட்லி மாவு, பேனா மை, பற்பசை, மஞ்சள், காபித்தூள், முட்டை வெள்ளைக்கரு என்று நம் வீடுகளில் ஒரு பட்டியலே உண்டு. மாவு தடவினால் சில்லென்று இருப்பது உண்மைதான், ஆனால் அது காயத்துக்குள் கிருமியைக் கொண்டுபோகும். மை தடவினால் காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டர் பார்க்கவே முடியாது, முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், அந்த வலியும் குழந்தைக்குத்தான். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்தினால் போதும். பஞ்சு ஒட்டிக்கொள்ளும், வைக்காதீர்கள்.

அளவைக் கணிக்க ஒரு வழி இருக்கிறது. அடிபட்டவரின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை அவர் உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். குழந்தைக்கு அதன் கையளவுக்கு மேல் வெந்திருந்தாலும், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அல்லது வெந்த இடம் வெள்ளையாக மாறி வலியே இல்லாமல் இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலி இல்லாதது நல்ல செய்தி இல்லை, நரம்பு வரை வெந்திருக்கிறது என்று அர்த்தம். குழந்தைக்குப் பத்துக் கையளவு என்றால் சலைன் ஏற்ற வேண்டிய நிலை, 108-ஐக் கூப்பிடுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போனதும் எப்போது சுட்டது, எத்தனை நிமிடம் தண்ணீர் காட்டினீர்கள், கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது, இந்த மூன்றையும் சொல்லிவிடுங்கள்.